ஈதர்நெட் வழி மின்வழங்கல்

ஈதர்நெட் வழி மின்வழங்கல் என்பது, கணினி வலையமைப்பில் தரவைக் கொண்டுசெல்லும் அதே வடத்தின் வழியாக, கருவிகள் இயங்கத் தேவையான மின்சாரத்தையும் அனுப்பும் தொழில்நுட்பம் ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது பிஓஇ எனவும் அழைக்கப்படுகின்றது. இணையத் தொலைபேசிகள், வைஃபை அணுகுநிலையங்கள், கண்காணிப்புப் படக்கருவிகள் முதலியவை தனி மின்செருகி இல்லாமல் ஒரே வடத்தால் இயங்குவது இதனாலேயே ஆகும்.

ஒரே வடத்தில் தரவையும் மின்சாரத்தையும் சேர்த்து அனுப்புவது கடினமான செயலன்று. மின்சாரத்தை எதிர்பாராத ஒரு கருவி மறுமுனையில் செருகப்பட்டால் அது எரிந்து போகாமல் காப்பதே கடினமானது. எனவே இத்தொழில்நுட்பத்தில் மின் வழங்கும் முனை, மறுமுனையில் இருப்பது எது, அதற்கு எவ்வளவு திறன் தேவை என்பவற்றை அறிந்துகொண்ட பின்னரே முழு மின்னழுத்தத்தை அளிக்கின்றது. இந்த உரையாடல் ஐஇஇஇ எனப்படும் மின் மற்றும் மின்னணுப் பொறியாளர்கள் கழகத்தின் 802.3 சீர்தரத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது.

== பின்னணி ==

தொடர்புக் கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் வழக்கம் ஈதர்நெட்டுக்கு முற்பட்டது. மரபான தொலைபேசிகள், இணைப்பகத்தில் உள்ள மின்கல அடுக்கிலிருந்து பேச்சுக்கம்பி வழியாகவே மின்சாரம் பெற்றன. இதன் மின்னழுத்தம் பொதுவாக 48 வோல்ட் ஆகும். வீட்டில் மின்சாரம் தடைப்பட்டாலும் தொலைபேசி வேலை செய்தமைக்கு இதுவே காரணம்.

1990களின் இறுதியில் அலுவலகங்களில் இணைய நெறிமுறைத் தொலைபேசிகள் புகுந்தபோது இந்த வசதி இல்லாமற் போனது. ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒரு மின்செருகி தேவைப்பட்டது. மின்தடை ஏற்பட்டால் அவசர அழைப்புக்கும் தொலைபேசி பயன்படவில்லை. தொலைபேசி இணைப்பகம் செய்துவந்த பணியை வலையமைப்பின் மையக் கருவி செய்யவேண்டும் என்ற தேவையிலிருந்தே ஈதர்நெட் வழி மின்வழங்கல் தோன்றியது.

== வரலாறு ==

சிஸ்கோ நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் தன்னுடைய இணையத் தொலைபேசிகளுக்காக இத்தகைய முறையொன்றை அறிமுகப்படுத்தியது. வேறு நிறுவனங்களும் தத்தமக்கெனத் தனி முறைகளை வைத்திருந்தமையால், ஒரு நிறுவனத்தின் கருவியை மற்றொன்றின் கருவியுடன் நம்பி இணைக்க இயலவில்லை.

2003 ஆம் ஆண்டில் ஐஇஇஇ 802.3ஏஎஃப் சீர்தரம் வெளியாகி இக்குழப்பத்தைத் தீர்த்தது. இதன்படி ஒரு வடத்தில் 15.4 வாட் வரை அனுப்பலாம். கூடுதல் திறன் வேண்டும் கருவிகள் பெருகியபோது, 2009 இல் 802.3ஏடி சீர்தரம் இதனை 30 வாட்டாக உயர்த்தியது. 2018 இல் வெளியான 802.3பிடி சீர்தரம் வடத்தின் எட்டுக் கம்பிகளையும் பயன்படுத்தி 90 வாட் வரை அனுப்ப வழிசெய்தது.

== வடத்தின் அமைப்பு ==

ஈதர்நெட் வடத்தில் எட்டுச் செப்புக் கம்பிகள் இவ்விரண்டாக முறுக்கப்பட்டு நான்கு சோடிகளாக அமைந்துள்ளன. ஒரு சோடியின் இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாடே தரவுக் குறிகையாகப் படிக்கப்படுகின்றது. இரு கம்பிகளும் சேர்ந்தே உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ வேறுபாடு மாறாது. தரவும் மின்சாரமும் ஒரே கம்பியில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் செல்வதற்கு இப்பண்பே அடிப்படை ஆகும்.

போர்ட் எனப்படும் ஒவ்வோர் இணைப்புவாயிலும் சிறிய மின்மாற்றி ஒன்று உள்ளது. இதன் சுருளின் நடுப்புள்ளியில் நேர்மின்னோட்டம் செலுத்தப்படுகின்றது. அது இரண்டாகப் பிரிந்து ஒரு சோடியின் இரு கம்பிகளிலும் சம அளவில் செல்கின்றது. மற்றொரு சோடி அதைத் திரும்பக் கொண்டுவருகின்றது. சுருளின் இரு பாதிகளிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசைகளில் ஓடுவதால் உள்ளகத்தில் தோன்றும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. எனவே தரவுக் குறிகை பழுதின்றி மின்மாற்றியைக் கடக்கின்றது.

சோடியின் இரு கம்பிகளின் மின்தடை சமமாக இருந்தால் மட்டுமே இச்சமநிலை நிலைக்கும். இவற்றிடையே உள்ள வேறுபாடு 3%-ஐத் தாண்டக்கூடாது. மிகுந்தால், மின்மாற்றியின் உள்ளகம் காந்தத் தெவிட்டு நிலையை நோக்கிச் சென்று தரவில் பிழைகள் தோன்றும்.

மின்சாரத்தை அனுப்ப இரு மாற்று வழிகள் உள்ளன. மாற்று அ முறையில் 1, 2 மற்றும் 3, 6 எண்ணுள்ள கம்பிகளும், மாற்று ஆ முறையில் 4, 5 மற்றும் 7, 8 எண்ணுள்ள கம்பிகளும் பயன்படுகின்றன. மின் பெறும் கருவி இவ்விரு முறைகளையும் ஏற்கவேண்டும் என்பது விதி. கருவியின் உள்ளே இருமுனையங்களாலான திருத்திப் பாலம் இருப்பதால் எந்தக் கம்பி நேர்முனை என்பது பொருட்டாவதில்லை.

== மின் வழங்கும் முன் நடைபெறும் உரையாடல் ==

மின் வழங்கும் கருவி, சுவிட்ச் எனப்படும் வலையமைப்பு மையக் கருவியாகவோ, சுவிட்சுக்கும் இறுதிக் கருவிக்கும் இடையில் வைக்கப்படும் தனிப்பெட்டியாகவோ இருக்கலாம். இரண்டிலும் செயல்முறை ஒன்றே. அது கீழ்க்கண்ட படிநிலைகளைக் கொண்டது.

=== கண்டறிதல் ===

ஒரு வடம் செருகப்பட்டதும், மின் வழங்கும் கருவி 2.8 முதல் 10 வோல்ட்டுக்குள் தீங்கற்ற சிறு மின்னழுத்தத்தை அளித்து, பாயும் மின்னோட்டத்தை அளக்கின்றது. மின் பெறத் தகுந்த கருவியினுள் ஏறத்தாழ 25 கிலோஓம் மின்தடை இருக்கும். இதுவே அதன் அடையாளம். அளக்கப்பட்ட மதிப்பு 19 முதல் 26.5 கிலோஓமுக்குள் இருந்தால் கருவி ஏற்கப்படும். 15 கிலோஓமுக்குக் குறைந்தாலும் 33 கிலோஓமுக்கு மிகுந்தாலும் கட்டாயம் மறுக்கப்படும்.

ஒரே ஒரு மின்னழுத்தத்தில் அளந்தால், வழியிலுள்ள இருமுனையங்களில் இழக்கப்படும் மின்னழுத்தம் கணக்கைக் கெடுத்துவிடும். எனவே இரு வேறு மின்னழுத்தங்களில் அளந்து, அவற்றின் வேறுபாட்டை மின்னோட்ட வேறுபாட்டால் வகுத்து மின்தடை கணிக்கப்படுகின்றது. மாறாத இழப்பு கழித்தலில் நீங்கிவிடும்.

இப்படிநிலை ஏன் தேவை என்பதை ஒரு கணக்கால் அறியலாம். பழைய ஈதர்நெட் கருவிகள் பலவற்றில் பயன்படாத சோடிகள் ஒவ்வொன்றும் 75 ஓம் மின்தடையத்தில் முடிக்கப்பட்டிருந்தன. இரு சோடிகளுக்கிடையே மொத்தம் 150 ஓம் இருக்கும். இத்தகைய கருவிக்குக் கேட்காமலே 48 வோல்ட் அளித்தால் 0.32 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்து, ஏறத்தாழ 15 வாட் வெப்பம் அச்சிறு மின்தடையங்களில் தோன்றி அவற்றை எரித்துவிடும். 2003 ஆம் ஆண்டுச் சீர்தரத்தில் இயல்பான மின்னோட்ட வரம்பே 0.35 ஆம்பியர் ஆதலால், மிகைமின்னோட்டக் காப்பும் இதனைத் தடுக்காது. முன்னரே கேட்டறிதல் ஒன்றே காப்பு ஆகும்.

=== வகைப்படுத்தல் ===

அடுத்து 15.5 முதல் 20.5 வோல்ட்டுக்குள் ஒரு மின்னழுத்தம் சிறிது நேரம் அளிக்கப்படுகின்றது. கருவி அப்போது ஒரு குறித்த மின்னோட்டத்தை இழுத்துத் தன் வகுப்பைத் தெரிவிக்கும். 9 முதல் 12 மில்லிஆம்பியர் வரை இழுத்தால் அது வகுப்பு 1 ஆகும். 17 முதல் 20 வரை வகுப்பு 2, 26 முதல் 30 வரை வகுப்பு 3, 36 முதல் 44 வரை வகுப்பு 4 ஆகும். வகுப்பு 1-க்கு 4 வாட், வகுப்பு 2-க்கு 7 வாட், வகுப்பு 3-க்கு 15.4 வாட், வகுப்பு 4-க்கு 30 வாட் ஒதுக்கப்படும்.

இதற்கு மேற்பட்ட திறன் வேண்டுவோருக்கு இத்துடிப்பு பல முறை அளிக்கப்படுகின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் கருவி இழுக்கும் மின்னோட்டங்களின் வரிசையே அதன் வகுப்பைக் காட்டும். 802.3பிடி சீர்தரத்தில் ஐந்து துடிப்புகள் வரை உண்டு. வகுப்பு 8 வரை குறிக்கலாம். துடிப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு, தனக்கு எவ்வளவு திறன் கிடைக்கும் என்பதைக் கருவியும் அறிந்துகொள்கின்றது. கேட்டது கிடைக்காவிடில் அது குறைந்த திறனில் இயங்கவேண்டும்.

=== தொடக்கமும் தொடர்ச்சியும் ===

இவையிரண்டும் முடிந்த பின்னரே முழு மின்னழுத்தம் அளிக்கப்படுகின்றது. கருவியிலுள்ள மின்தேக்கிகள் வெறுமையாக இருப்பதால் முதலில் பெருமளவு மின்னோட்டம் பாய முற்படும். மின் வழங்கும் கருவி இதனை 400 முதல் 450 மில்லிஆம்பியருக்குள் கட்டுப்படுத்துகின்றது.

அதன்பின் கருவி குறைந்தது 10 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைக் குறித்த இடைவெளிகளில் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இம்மின்னோட்டம் 300 முதல் 400 மில்லிநொடி வரை காணப்படாவிடில், வடம் பிடுங்கப்பட்டதாகக் கருதி மின்சாரம் நிறுத்தப்படும். அதே வாயில் வேறொரு சாதாரணக் கருவியைச் செருகினால் உரையாடல் முதலிலிருந்து தொடங்கும். வடத்தை மாற்றிச் செருகும் நேரத்துக்குள் மின்சாரம் நின்றுவிடுவதால் புதிய கருவிக்குத் தீங்கு நேராது.

== மென்பொருள் வழிக் கட்டுப்பாடு ==

கருவி இயங்கத் தொடங்கியதும், தரவு வழியாகவும் திறன் பற்றிப் பேசலாம். இதற்கு எல்எல்டிபி எனும் நெறிமுறை பயன்படுகின்றது. இதன் மூலம் 0.1 வாட் துல்லியத்தில் தேவையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம். எடுத்துக்காட்டாக, படக்கருவி ஒன்று தன்னைத் திருப்பும் மின்னோடி இயங்கும்போது மட்டும் கூடுதல் திறனைக் கேட்டுப் பெறலாம்.

சுவிட்சின் மொத்த மின்வழங்கல் எல்லா வாய்களின் உச்சத் தேவைக்கும் போதுமானதாக இருப்பதில்லை. 24 வாய்கள் கொண்ட சுவிட்ச் ஒவ்வொன்றுக்கும் 30 வாட் அளிக்க 720 வாட் தேவை. ஆனால் 370 வாட் மட்டுமே ஒதுக்கப்பட்ட சுவிட்சுகள் வழக்கில் உள்ளன. ஒவ்வொரு வாய்க்கும் 15.4 வாட் என்றால் இது 24-க்கும் சரியாகப் போதும். 30 வாட் என்றால் 12 வாய்களுக்கே போதும். எனவே வலையமைப்பை நிருவகிப்பவர், எந்த வாய்க்கு முன்னுரிமை என்பதை மென்பொருளில் அமைக்கவேண்டியுள்ளது. பற்றாக்குறை ஏற்படும்போது முன்னுரிமை குறைந்த வாய்களே முதலில் துண்டிக்கப்படும். அவசரத் தொலைபேசி இருக்கும் வாயும் அலங்கார விளக்கு இருக்கும் வாயும் ஒரே முன்னுரிமையில் விடப்பட்டால், எது அணையும் என்பது வாயின் எண் போன்ற தொடர்பற்ற காரணங்களால் முடிவாகலாம்.

தொலைவிலிருந்தே ஒரு வாயின் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் அளிக்கவும் இயலும். கோபுரத்தின் உச்சியிலோ கூரையின் மேலோ உள்ள கருவி உறைந்து நின்றால், ஏறிச்செல்லாமல் அதனை மீளத் தொடங்கலாம். இரவில் பயன்படாத தொலைபேசிகளைக் குறித்த நேரத்தில் அணைத்து மின்சாரத்தைச் சேமிக்கவும் இது பயன்படுகின்றது.

== வகைகள் ==

| வகை | சீர்தரம் | வழங்கும் முனையில் | பெறும் முனையில் | குறைந்த மின்னழுத்தம் | சோடிகள் |
|---|---|---|---|---|---|
| வகை 1 | 802.3ஏஎஃப் (2003) | 15.4 வாட் | 12.95 வாட் | 44 வோல்ட் | 2 |
| வகை 2 | 802.3ஏடி (2009) | 30 வாட் | 25.5 வாட் | 50 வோல்ட் | 2 |
| வகை 3 | 802.3பிடி (2018) | 60 வாட் | 51 வாட் | 50 வோல்ட் | 2 அல்லது 4 |
| வகை 4 | 802.3பிடி (2018) | 90 வாட் | 71.3 வாட் | 52 வோல்ட் | 4 |

குறைந்த மின்னழுத்தம் என்பது வழங்கும் முனையில் உள்ளதாகும். அம்முனையின் உச்ச மின்னழுத்தம் எல்லா வகைகளிலும் 57 வோல்ட் ஆகும். நேர்மின்னோட்டத்தில் பாதுகாப்பான தாழ்மின்னழுத்தத்தின் எல்லையாகக் கொள்ளப்படும் 60 வோல்ட்டுக்கு இது சற்றுக் கீழே அமைகின்றது.

== வடத்தில் ஏற்படும் இழப்பு ==

மேலுள்ள அட்டவணையில் வழங்கும் திறனுக்கும் பெறும் திறனுக்கும் உள்ள வேறுபாடு வடத்தில் வெப்பமாக மாறுவதாகும். மின்னோட்டத்தின் இருபடியை மின்தடையால் பெருக்கினால் இவ்வெப்பம் கிடைக்கும். வகை 1-இல் 100 மீட்டர் வடத்தின் சுற்று மின்தடை 20 ஓம் எனக் கொள்ளப்படுகின்றது. மின்னோட்டம் 0.35 ஆம்பியர். எனவே இழப்பு 0.35 × 0.35 × 20 = 2.45 வாட். 15.4-இல் இதைக் கழித்தால் 12.95 கிடைக்கும். வகை 2-இல் மின்தடை 12.5 ஓம், மின்னோட்டம் 0.6 ஆம்பியர், இழப்பு 4.5 வாட். வகை 4-இல் நான்கு சோடிகளும் பயன்படுவதால் மின்தடை 6.25 ஓமாகக் குறைகின்றது. ஆயினும் 1.73 ஆம்பியர் பாய்வதால் ஏறத்தாழ 18.7 வாட் வடத்திலேயே வீணாகின்றது.

உயர்ந்த மின்னழுத்தம் தேர்ந்தெடுக்கப்பட்டதன் காரணமும் இதுவே. 20 ஓம் மின்தடையுள்ள வடத்தின் ஒரு முனையில் 12 வோல்ட் அளித்தால், மறுமுனையில் என்ன செய்தாலும் 1.8 வாட்டுக்கு மேல் பெற இயலாது. அதே வடத்தில் 44 வோல்ட் அளித்தால் 12.95 வாட் எளிதில் கிடைக்கின்றது.

== வெப்பமும் வடத்தின் தரமும் ==

தனியாக ஓடும் வடத்தில் இவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும். பல வடங்கள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டுக் கூரைக்கு மேலோ குழாயினுள்ளோ செல்லும்போது, நடுவில் உள்ளவற்றின் வெப்பம் வெளியேற வழியில்லை. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4% உயர்வதால் இழப்பும் கூடுகின்றது. தரவுக் குறிகையும் நலிவடைகின்றது. அமெரிக்க ஒன்றியத்தின் தேசிய மின்விதித்தொகுப்பு 2017 ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒரு கட்டில் உள்ள வடங்களின் எண்ணிக்கைக்கேற்ப மின்னோட்ட வரம்புகளை அட்டவணையாகத் தந்தது.

மின் வழங்கும் கருவியும் பெறும் கருவியும் ஒன்றையொன்று கேட்டறிகின்றன. ஆனால் இடையில் உள்ள வடம் இவ்வுரையாடலில் பங்குகொள்வதில்லை. வடத்தின் தடிப்பையோ அது செல்லும் இடத்தின் வெப்பத்தையோ எவரும் அதனிடம் கேட்பதில்லை. எனவே வடத்தைத் தேர்வது முற்றிலும் மனிதரின் பொறுப்பாகின்றது.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில வடங்களில் அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசப்பட்டிருக்கும். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61% மட்டுமே. தரவுக் குறிகை கம்பியின் மேற்பரப்பிலேயே பெரிதும் செல்வதால் இத்தகைய வடம் தரவுக்கு நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். நேர்மின்னோட்டமோ கம்பியின் முழுக் குறுக்குவெட்டிலும் பாய்வதால் மின்தடையும் வெப்பமும் கூடும். இவ்வடங்கள் ஈதர்நெட் வடங்களுக்கான சீர்தரங்களுக்கு உட்பட்டவை அல்ல.

== உரையாடல் இல்லாத மின்வழங்கல் ==

கண்டறிதல், வகைப்படுத்தல் எதுவுமின்றி, செருகியவுடனேயே மின்சாரத்தை அளிக்கும் கருவிகளும் உண்டு. கம்பியில்லா இணையக் கருவிகள் சிலவற்றில் 24 வோல்ட் இவ்வாறு அளிக்கப்படுகின்றது. அமைப்பு எளியது, விலை குறைவு. ஆனால் அவ்வடத்தைத் தவறுதலாக மடிக்கணினி போன்ற வேறு கருவியில் செருகினால் அது பழுதாகலாம். இத்தகைய வடங்களின் இரு முனைகளிலும் அடையாளச் சீட்டு ஒட்டிவைப்பது நல்லது.

== பயன்பாடுகள் ==

* இணையத் தொலைபேசிகள்: சுவிட்சைத் தடையில்லா மின்வழங்கி ஒன்றுடன் இணைத்தால், மின்தடையின்போதும் அனைத்துத் தொலைபேசிகளும் இயங்கும்.
* வைஃபை அணுகுநிலையங்கள்: கூரையில் மின்செருகி அமைக்கத் தேவையில்லை.
* கண்காணிப்புப் படக்கருவிகள், கதவுப் பூட்டுகள், அட்டை படிப்பான்கள்.
* சுவர்க்கடிகாரங்கள், ஒலிபெருக்கிகள், அறிவிப்புத் திரைகள்.
* ஒளிகாலும் இருமுனைய விளக்குகள்: 60 வாட்டுக்கு மேற்பட்ட வகைகள் வந்தபின் கட்டட விளக்குகளையும் வலையமைப்பிலிருந்தே இயக்க முடிகின்றது.

== குறைபாடுகள் ==

மின்வழங்கல் ஒரே இடத்தில் குவிவதால், ஒரு சுவிட்ச் பழுதானால் அதைச் சார்ந்த எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அணைந்துவிடும். தொலைவு 100 மீட்டருக்குள் இருக்கவேண்டும். மின்னோட்டம் பாயும்போது செருகியைப் பிடுங்கினால் தொடுமுனையில் சிறு பொறி தோன்றி மேற்பூச்சை அரிக்கும். அடிக்கடி பிடுங்கும் இடங்களில் முதலில் மென்பொருள் வழியாக மின்சாரத்தை நிறுத்துவது நல்லது. கட்டடத்துக்கு வெளியே செல்லும் வடங்களுக்கு மின்னல் காப்பு தேவை. ஒளியிழை வடங்களில் செம்பு இல்லாததால் அவற்றில் இம்முறை பயன்படாது.

== ஒப்பான தொழில்நுட்பங்கள் ==

2014 இல் அறிமுகமான யூஎஸ்பி வகை-சி இணைப்பியும் மின் வழங்கும் முன் இரு முனைகளையும் பேசவைக்கின்றது. 2021 இல் வெளியான இதன் மின்வழங்கல் விதிமுறை 48 வோல்ட், 5 ஆம்பியர் என 240 வாட் வரை அனுமதிக்கின்றது. இதில் ஒரு முக்கிய வேறுபாடு உள்ளது. 3 ஆம்பியருக்கு மேல் செல்லும் வடத்தினுள் ஒரு சிறு சில்லு இருக்கவேண்டும். அது வடத்தின் தாங்குதிறனைத் தானே தெரிவிக்கும். ஈதர்நெட்டில் பேசாமலிருக்கும் வடம், இங்கு உரையாடலில் மூன்றாவது தரப்பாகின்றது. ஆனால் இவ்வடங்கள் சில மீட்டர் நீளமே உடையவை.

ஒரே ஒரு சோடிக் கம்பியில் தரவையும் மின்சாரத்தையும் அனுப்பும் முறை 2016 இல் 802.3பியூ சீர்தரமாக வெளியானது. ஊர்திகளில் வடத்தின் எடையைக் குறைக்க இது பயன்படும். 2019 இல் வந்த 802.3சிஜி சீர்தரம், ஒரு சோடியிலேயே நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 1000 மீட்டர் வரை தரவை அனுப்ப வழிசெய்து, ஆலைகளில் உள்ள உணரிகளையும் வலையமைப்புக்குள் கொண்டுவந்தது.

== இவற்றையும் பார்க்க ==

* ஈதர்நெட்
* முறுக்கிய சோடி வடம்
* ஓமின் விதி
* தடையில்லா மின்வழங்கி
* யூஎஸ்பி